தொப்பி மறந்த மாணவன்



புதுச்சேரி நகரின் தென்பகுதியில், முல்லா வீதி, காஜியார் வீதி எனப் பெயர்களிலேயே நம் முன்னோரின் வரலாற்றைத் தாங்கி நிற்கும் தெருக்களுக்கு அருகே, மாலை நேரங்களில் ஓத வரும் பிள்ளைகளுக்கு நாம் பாடம் நடத்தி வருகிறோம். அந்த மதரஸாவில் சில மாதங்களுக்கு முன் நிகழ்ந்த ஒன்றைப் பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறோம். அதில் தவறு செய்தவர் வேறு எவரும் அல்லர், நாமே.

நமது வகுப்பில் ஒரு விதி உண்டு. ஆண் பிள்ளைகள் தொப்பி அணிந்து வர வேண்டும். மறந்து வருபவர் முதல் பாடம் முடியும் வரை வாசலில், செருப்புகள் கழற்றி வைக்கும் இடத்தில் நிற்க வேண்டும். அன்று அஸர் தொழுகைக்குப் பின் பத்து வயது மாணவன் ஒருவன் வெறுந்தலையுடன் வந்தான். "தொப்பி எங்கே?" என்று கேட்டோம். "மறந்துட்டேன் ஹஜ்ரத்" என்றான். வேறு காரணம் எதையும் அவன் புனையவில்லை. நாமோ எல்லாப் பிள்ளைகளும் கேட்கும்படி, "இன்று தொப்பியை மறந்தவன் நாளை அல்லாஹ்வையும் மறப்பான்" என்று கூறினோம். பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் தலை குனிந்தபடி செருப்புகளுக்கு நடுவே அரை மணி நேரம் நின்றான்.

பாடம் முடியும் நேரத்தில் மற்றொரு மாணவன் அழுதுகொண்டு வந்தான். ஒளுச் செய்யும்போது ஹவ்ளின் திண்டில் கழற்றி வைத்த தன் தொப்பியைக் காணவில்லை என்றான். வகுப்பில் கேட்டோம், எவரும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் வரிசையில் ஒரு சிறுவன் மட்டும் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். "இது யாருடையது?" என்றதற்கு "என்னுடையதுதான்" என்றான். தொப்பியின் உள்விளிம்பில் அதன் சொந்தக்காரனுடைய தாய் பச்சை நூலால் பெயர் தைத்திருந்தார். உண்மை வெளிப்பட்டதும் சிறுவன் விம்மினான். "நானும் வீட்டுலயே மறந்து வச்சிட்டேன் ஹஜ்ரத். வெளிய நிக்க வச்சிடுவீங்கன்னு பயந்துட்டேன்."

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. ஒருவன் மறந்தான், கேட்டபோது உண்மையைச் சொன்னான். மற்றவனும் மறந்தான், பிறர் பொருளை எடுத்தான், பொய்யும் சொன்னான். நமது விதி முதலாமவனைச் செருப்புகளோடு நிறுத்தியது. இரண்டாமவனைப் பாயில் அமர்த்தி, திருக்குர்ஆனைக் கையில் கொடுத்தது. அந்தத் தராசைப் பிடித்திருந்த கை நம்முடையது.

மூன்று நாட்கள் உண்மை சொன்ன மாணவன் வரவில்லை. நான்காம் நாள் அவனுடைய வீட்டிற்குச் சென்றோம். "எவ்வளவு சொன்னாலும் ஓத வர மாட்டேங்கிறான் ஹஜ்ரத்" என்று அவனுடைய தாயார் வருந்தினார். சிறுவன் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தான். அருகே அழைத்தோம். அவன் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "தொப்பியை மறந்தா அல்லாஹ்வை மறந்த மாதிரியா ஹஜ்ரத்?"

சகோதரர்களே, இருபது ஆண்டுகளாக ஓதிக் கொடுத்து வரும் நமக்கு அதற்குரிய பதில் தெரியாமல் இல்லை. தெரிந்திருந்தும் மாற்றிச் சொன்னோம் என்பதே வெட்கம். ஆண்களின் தொழுகையில் கட்டாயமாக மறைக்க வேண்டிய பகுதி எது என்பதை ஃபிக்ஹு நூல்கள் விளக்குகின்றன. அதில் தலை இல்லை. தலையை மறைத்துத் தொழுவது சிறப்பிற்குரியது, பேணத்தக்கது. அலட்சியத்தால் அதை விடுவது வெறுக்கத்தக்கது என்று ஹனஃபி அறிஞர்கள் எழுதியுள்ளனர். ஆயினும், தொப்பியின்றித் தொழுதவரின் தொழுகை நிறைவேறவில்லை என்று எந்த மத்ஹபும் கூறவில்லை. அப்படியிருக்க, ஓர் ஒழுங்குமுறையை ஈமானின் அளவுகோலாக உயர்த்தி, அதனால் ஒரு பிஞ்சு உள்ளத்தை அடித்தோம்.

இங்கே அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் நிகழ்ந்த ஒன்று நம்மைச் சுட்டது. நாட்டுப்புற அரபி ஒருவர் மஸ்ஜிதுன் நபவீயின் உள்ளேயே சிறுநீர் கழித்தார். தோழர்கள் அவரைத் தடுக்க எழுந்தபோது, அவர் முடிக்கும் வரை விட்டுவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். பின்னர் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் செய்து, பள்ளிவாசல் எதற்கானது என்பதை அவருக்கு இதமாக எடுத்துரைத்தார்கள். அவர் மீறியது வெறும் வழக்கத்தை மட்டுமா? பள்ளியின் தூய்மையையே மீறினார். அவருக்குக் கிடைத்த கண்ணியத்தில் ஒரு பங்குகூட நமது மாணவனுக்குக் கிடைக்கவில்லை.

தொப்பியின் வரலாறே நமக்குப் பாடம் சொல்லும். நம் பாட்டனார் காலத்துப் புகைப்படங்களில் குஞ்சம் தொங்கும் சிவப்புத் துருக்கித் தொப்பியைக் கண்டிருப்பீர்கள். உஸ்மானியப் பேரரசில் இரண்டாம் மஹ்மூது சுல்தான் 1829-ஆம் ஆண்டில் தம் அலுவலர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியபோது, தலைப்பாகையே முஸ்லிமின் அடையாளம் என்று எண்ணியவர்கள் அதை வெறுத்தார்கள். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழிந்து 1925-இல் துருக்கியக் குடியரசு அதே தொப்பியைத் தடை செய்து, ஐரோப்பியத் தொப்பியை அணியச் சட்டம் இயற்றியது. அப்போது அந்தச் சிவப்புத் தொப்பிதான் இஸ்லாத்தின் அடையாளம் என்று மக்கள் கொந்தளித்தார்கள். எதிர்த்தவர்களில் சிலர் தூக்கிலிடவும் பட்டார்கள். ஒரு நூற்றாண்டிற்குள் ஒரே துணி அந்நியமானதாகவும் புனிதமானதாகவும் மாறிவிட்டது. ஆனால், அந்த நூறு ஆண்டுகளில் பிறர் பொருளைக் கவர்வது ஒரு நாளேனும் நன்மையாக மாறியதா? பொய்ச் சாட்சி சொல்வது ஏதேனும் ஒரு நாட்டில் ஹலாலானதா? வழக்கம் காலத்தோடும் இடத்தோடும் மாறும். அறம் அவ்வாறு மாறுவதில்லை.

இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் அறிவார்களா என்று சோதிக்க விரும்பினோம். மறுவாரம் வகுப்பில் இரண்டு கேள்விகள் கேட்டோம்.

"நாளை முதல் தொப்பி வேண்டாம் என்று ஹஜ்ரத் சொன்னால், தொப்பி இல்லாமல் வரலாமா?"

"வரலாம்" என்றார்கள். சிலருக்கு அது மகிழ்ச்சியாகவும் இருந்தது.

"அடுத்தவருடைய தொப்பியை எடுத்துக்கொள்ளலாம் என்று ஹஜ்ரத் சொன்னால், எடுக்கலாமா?"

வகுப்பு அமைதியானது. முன்வரிசையில் இருந்த ஏழு வயதுச் சிறுமி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "நீங்க சொன்னாலும் கூடாது ஹஜ்ரத். அவன் அழுவான்ல."

எலியட் டூரியல் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் இத்தகைய கேள்விகளைக் குழந்தைகளிடம் பல்லாண்டுகள் கேட்டு, 1983-இல் ஒரு நூலாக வெளியிட்டார். மிகச் சிறிய குழந்தைகள்கூட, ஆசிரியர் அனுமதித்தால் மாறக்கூடிய விதியையும், எவர் அனுமதித்தாலும் தீயதாகவே இருக்கும் செயலையும் பிரித்தறிகிறார்கள் என்பது அவர் கண்டறிந்தது. மாணவர் பிறரை அடிக்கலாம் என்று பள்ளிக்கூடமே விதி வகுத்தாலும் அது தவறு என்கிறார்கள்; ஏனெனில் அடிபட்டவருக்கு வலிக்கிறது. இதைப் படித்தபோது நமக்கு வியப்பு ஏற்படவில்லை. ஒவ்வொரு குழந்தையும் ஃபித்ரா எனும் இயற்கை நெறியின் மீதே பிறக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். நன்மை தீமையை அறிவு தானாகவே உணருமா, இறைக்கட்டளை வந்த பின்னர்தான் உணருமா என்பதில் அஷ்அரீ, மாதுரீதி அறிஞர்களிடையே நுட்பமான விவாதங்கள் உண்டு. அவற்றை இங்கே நாம் தொடவில்லை. அல்லாஹ் ஒரு சிறுமியின் உள்ளத்தில் இட்டிருந்த வெளிச்சத்தை, அவளுக்கு ஓதிக் கொடுக்கும் நாம் அன்று தவறவிட்டோம். அதைத்தான் சொல்ல வருகிறோம்.

அல்லாஹ்வின் வேதமும் இக்குழப்பத்தைத் திருத்தியிருக்கிறது. இஹ்ராம் அணிந்திருக்கும்போது முன்வாசல் வழியாக வீட்டில் நுழைவது பாவம், பின்புறமாக நுழைவதே புண்ணியம் என்றொரு வழக்கம் அக்காலத்து மதீனாவாசிகளிடம் இருந்தது. அதில் புண்ணியம் ஏதுமில்லை, இறையச்சத்தில்தான் புண்ணியம் உள்ளது, வீடுகளுக்கு வாசல் வழியாகவே வாருங்கள் என்ற கருத்தில் அல்பகரா அத்தியாயத்தின் 189-ஆம் வசனம் இறங்கியது. அதே அத்தியாயத்தின் 177-ஆம் வசனம், முகங்களைக் கிழக்கிலோ மேற்கிலோ திருப்புவதுடன் புண்ணியம் முடிந்துவிடாது என்று உணர்த்துகிறது. ஈமானையும் தொழுகையையும் ஸகாத்தையும் கூறும் அதே வரிசையில், விருப்பத்திற்குரிய பொருளை உறவினருக்கும் அநாதைக்கும் ஏழைக்கும் கொடுப்பதையும், வாக்குறுதியைக் காப்பதையும், துன்பத்தில் பொறுமையையும் அது வைத்திருக்கிறது. வணக்கத்தையும் அறத்தையும் ஒரே மூச்சில் சொல்லும் வேதம், பின்வாசல் வழக்கத்தை மட்டும் நீக்கிவிட்டது.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். வழக்கங்கள் யாவும் வீண், தூக்கி எறியுங்கள் என்று நாம் கூறவில்லை. வழக்கமும் தீர்ப்புக்கு ஆதாரமாகும் என்பது ஃபிக்ஹுக் கலையின் ஐந்து பெரும் விதிகளுள் ஒன்று. ஷரீஅத்திற்கு முரண்படாத ஊர் வழக்கம் வணிகத்திலும் வாடகையிலும் குடும்பத்திலும் மதிக்கப்படுகிறது. மரியாதை என்பது அறம். அதை எப்படிக் காட்டுவது என்பதை வழக்கம் சொல்லிக் கொடுக்கிறது. பெரியவர் வரும்போது எழுந்து நிற்பதும், தலையை மறைத்து ஓத அமர்வதும் நம் ஊரில் மரியாதையின் மொழி. அம்மொழியைப் பிறரைப் புண்படுத்தவென்றே மீறுபவர் வழக்கத்தோடு அறத்தையும் மீறுகிறார். தொப்பியின் பெயரால் சென்ற தலைமுறையில் நம் தமிழகத்துப் பள்ளிவாசல்களில் எழுந்த சச்சரவுகளைக் கண்டவர்கள் அறிவார்கள்: அணிந்தவரும் அணியாதவரும் ஒருவரையொருவர் ஏசினார்கள், ஸலாமை நிறுத்தினார்கள். தொப்பி அணிவதும் அணியாததும் கருத்து வேறுபாட்டிற்கு உரியவை. ஒரு முஸ்லிமை இழிவுபடுத்துவது கூடாது என்பதிலோ எவருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

அப்படியானால் ஒரு வழக்கம் எப்போது எல்லை கடக்கிறது? இதற்கு நம் புதுச்சேரியிலேயே ஒரு சான்று இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில், 1873-ஆம் ஆண்டு, பொன்னுத்தம்பிப் பிள்ளை என்னும் தமிழ் வழக்கறிஞர் ஐரோப்பியக் காலணி அணிந்து இவ்வூர் நீதிமன்றத்திற்குள் வந்தார். இந்தியர் அவ்வாறு வரலாகாது என்பது அந்நாளைய வழக்கம். நீதிபதி அவரை அனுமதிக்கவில்லை. அவர் அதனை அத்துடன் விட்டுவிடவில்லை. பாரிஸில் இருந்த உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை வழக்கைக் கொண்டுசென்று வெற்றி பெற்றார். பின்னாளில் லாபோர்த் என்னும் குடும்பப் பெயருடன் புதுவை அரசியலில் அறியப்பட்டவர் அவரே.

காலணியைக் கழற்றுவதில் என்ன இழிவு என்று சிலர் கேட்கலாம். துவா பள்ளத்தாக்கில் மூஸா (அலை) அவர்கள் தம் காலணிகளைக் கழற்றுமாறு பணிக்கப்பட்டார்கள்; அது இறைவன் தந்த கண்ணியம். நபி (ஸல்) அவர்கள் காலணியுடன் தொழுததுண்டு என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. நாமோ விரிப்புகளின் தூய்மை கருதிப் பள்ளிவாசலில் செருப்பை வாசலிலேயே விடுகிறோம். செல்வந்தரும் விடுகிறார், கூலித் தொழிலாளியும் விடுகிறார். அங்கே யாருக்கும் இழிவில்லை. அன்றைய நீதிமன்றத்திலோ ஓர் இனத்தவர் காலணியுடன் அமர்ந்திருக்க, மற்றோர் இனத்தவர் மட்டும் கழற்ற வேண்டியிருந்தது. காலணி அதேதான், கழற்றும் செயலும் அதேதான். ஆனால், நீ எனக்குக் கீழானவன் என்று ஒருவரிடம் சொல்வதற்காகவே ஒரு வழக்கம் பயன்படும்போது, அது வழக்கம் என்னும் பெயருக்குள் ஒளிந்துகொள்ள முடியாது. அது அநீதி. இந்த வரலாற்றை நம் பிள்ளைகளுக்குப் பலமுறை பெருமையுடன் சொல்லியிருக்கிறோம். அதே பிள்ளைகளில் ஒருவனைச் செருப்புகளுக்கு நடுவே நிறுத்தியபோது அது நம் நினைவுக்கு வரவில்லை.

இதுவரை கூறியது ஒரு வகைக் குழப்பம்: வழக்கத்தை அறமாக உயர்த்துவது. இதைவிடக் கொடியது இதன் தலைகீழ் வடிவம்: அறத்தை வழக்கமாகத் தாழ்த்துவது. நம் சமுதாயத்தில் அதற்குக் கைக்கூலியே சான்று.

பெண்களுக்கு அவர்களின் மஹரை மனமுவந்து கொடுக்குமாறு அந்நிஸா அத்தியாயத்தின் நான்காம் வசனம் ஆண்களுக்குக் கட்டளையிடுகிறது. கொடுக்க வேண்டியவர் மணமகன். நடப்பதோ மறுபுறம். பெண்ணைப் பெற்றவர் கடன் வாங்குகிறார், வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கிறார். நாட்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-இலேயே வந்துவிட்டது. அச்சட்டம் மஹரை வரதட்சணையின் வரையறையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. கொடுப்பது வேறு, பறிப்பது வேறு என்பதை நாட்டுச் சட்டம் அறிந்திருக்கிறது. நாம்தான் அறியாதவர்போல் இருக்கிறோம். கேட்டால், "ஊர் வழக்கம் ஹஜ்ரத்", "அவங்களா விரும்பித் தர்றாங்க", "சீர்தானே" என்கிறோம். பறிப்புக்கு மென்மையான பெயர் சூட்டி, அதைப் பந்தல் போடுவது, விருந்து சமைப்பது போன்ற வழக்கங்களின் பட்டியலில் சேர்த்துவிடுகிறோம். அதே திருமணத்தில் மணமகன் தொப்பியின்றி மேடையில் அமர்ந்தால் சபையே முணுமுணுக்கும்.

இங்கும் நாம் குற்றமற்றவர் அல்லர். சென்ற ஆண்டு ஒரு நிகாஹ்வில் நாம் குத்பா ஓதினோம். மஹர் தொகையை உரக்க அறிவித்தோம். அதைப் போலப் பல மடங்கு தொகை பெண் வீட்டிலிருந்து முன்னரே கைமாறியது நமக்குத் தெரியும். பெண்ணின் அத்தா ஒரு மூலையில் அமர்ந்திருந்தார். முகத்தில் களைப்பு இருந்தது. நாம் துஆ ஓதினோம், விருந்துண்டோம், அன்பளிப்புக் கவரைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்பினோம். பத்து வயதுச் சிறுவனின் வெறுந்தலையைக் கண்டதும் எழுந்த நம் குரல், ஒரு தகப்பனின் வெறுங்கையைக் கண்டபோது எழவில்லை. சிறுவனை அதட்டுவதற்குத் துணிவு தேவைப்படவில்லை. சபையில் பேசத் தேவைப்பட்டது. வழக்கத்தைக் காப்பதில் நாம் காட்டும் கண்டிப்பு, பல நேரங்களில் அறத்தைக் காக்கத் துணிவில்லாததை மறைக்கும் திரைதானோ என்று அன்று முதல் நம்மை நாமே கேட்டு வருகிறோம்.

தொழுகை, நோன்பு, ஸகாத்துடன் மறுமையில் வந்து நிற்கும் ஒருவர், பிறரை ஏசியதற்கும் அவதூறு சொன்னதற்கும் பிறர் பொருளை உண்டதற்கும் ஈடாகத் தம் நன்மைகளையெல்லாம் இழந்து வெறுங்கையராகும் காட்சியை நபி (ஸல்) அவர்கள் விவரித்துள்ளார்கள். அவரையே உண்மையான திவாலாளி என்றார்கள். அங்கே தராசில் வைக்கப்படுபவை மனிதர்களின் உரிமைகள். "அது எங்கள் ஊர் வழக்கம்" என்ற பதில் அந்தச் சபையில் எடுபடுமா?

அந்த மாணவனிடம் அவனுடைய வீட்டிலேயே மன்னிப்புக் கேட்டோம். அவமானம் வகுப்பில் நிகழ்ந்ததால், வகுப்பிலும் எல்லாப் பிள்ளைகள் முன்னிலையிலும் கேட்டோம். "தொப்பியை மறப்பது அல்லாஹ்வை மறப்பது ஆகாது, அன்று ஹஜ்ரத் சொன்னது தவறு. உண்மை சொன்னதற்காக உன்னை அல்லாஹ் விரும்புவான் என்று சொல்லியிருக்க வேண்டும்" என்றோம். அவன் ஒன்றும் பேசாமல் தன் இடத்தில் அமர்ந்தான். தொப்பியை எடுத்த சிறுவன், சொந்தக்காரனிடம் தானே சென்று மன்னிப்புக் கேட்டான். இருவரும் அன்று மாலையே ஒன்றாக விளையாடினார்கள். வகுப்பில் தொப்பி விதி இன்றும் உண்டு. வாசலில் இப்போது துவைத்த தொப்பிகள் சில ஒரு கூடையில் இருக்கின்றன. மறந்து வருபவர் ஒன்றை எடுத்து அணிந்து, போகும்போது திரும்ப வைக்க வேண்டும். எவரும் செருப்புகளுக்கு நடுவே நிற்பதில்லை.

நிகாஹ் விஷயம் இத்தனை எளிதாக இல்லை. கைக்கூலி பெறும் திருமணத்தில் குத்பா ஓதுவதில்லை என்று முடிவு செய்தோம். சென்ற மாதம் நமக்கு வேண்டிய ஒரு குடும்பத்தார் அழைத்தபோது, காரணத்தைப் பணிவுடன் கூறி மறுத்தோம். அவர்கள் வேறொருவரை அழைத்துக்கொண்டார்கள். திருமணம் திட்டமிட்டபடியே நடந்தது. பெண் வீட்டார் கொடுத்ததில் ஒரு ரூபாயும் குறையவில்லை. எதிரில் கண்டால் நலம் விசாரித்து வந்தவர்கள் இப்போது ஸலாமுடன் நிறுத்திக்கொள்கிறார்கள். இதைச் சாதனையாகக் கூறவில்லை. வழக்கத்திற்கு எதிராக நிற்பதற்கு ஒரு விலை இருக்கிறது. கடன் வாங்கும் தகப்பன்மார் ஆண்டாண்டு காலமாகக் கொடுத்து வரும் விலையுடன் ஒப்பிட்டால் அது மிகச் சிறியது.

உங்கள் வீட்டிலும் பள்ளியிலும் ஜமாஅத்திலும் ஒரு விதியைப் பற்றிக் கோபம் எழும்போது, அந்தச் சிறுமியின் பதிலை நினைவுகூருங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். இங்கே யார் அழுகிறார்? எவருமே அழவில்லையென்றால் மென்மையாகத் திருத்துவோம், அல்லது பொறுத்துக்கொள்வோம். ஒருவர் அழுகிறார் என்றால், அதற்கு ஊர் வழக்கம் என்று பெயர் சூட்டி அமைதியாக இருந்துவிட வேண்டாம்.

யா அல்லாஹ்! எங்கள் தலைகளை அழகுபடுத்தியது போல் எங்கள் உள்ளங்களையும் அழகுபடுத்துவாயாக. சிறியவர்களிடம் கடுமையும் பெரியவர்களிடம் கோழைத்தனமும் கொண்ட எங்களை மன்னிப்பாயாக. ஆமீன்.

அல்லாஹ் மிக அறிந்தவன். வஸ்ஸலாம்.